குழாய்க்கு வந்த இயந்திரம்: ஆவடியில் பண்டல் கட்டிய கைகளின் வரலாறு

சி.டி.எச். சாலையில் பேருந்துக்கு நிற்கும்போது அந்த லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். நீளமான உடம்பு, பின்னால் தொங்கும் சிவப்புத் துணி, மேலே அடுக்கடுக்காக எஃகுக் குழாய்கள். ஒவ்வொரு கட்டும் தேன்கூட்டின் அறை போல ஆறு பக்கம் கொண்டது. மூன்று நான்கு இடங்களில் எஃகுப் பட்டை இறுக்கிக் கட்டியிருக்கும். ஓரத்தில் ஒரு சீட்டு: அளவு, எண்ணிக்கை, எடை.

அந்தக் கட்டைக் கட்டியது யார்? சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் மனிதர்கள். இன்று பல ஆலைகளில் பதில் இயந்திரம். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் ஒரு வரலாறு இருக்கிறது. நம் தெருக்களின் வரலாறு என்பதால் அது எந்தக் கம்பெனியின் ஆண்டு மலரிலும் வராது. அதனால் நாம்தான் எழுத வேண்டும்.

1955: ஒரே ஊர், இரண்டு நிகழ்வுகள்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. யு.என்.தேபர் தலைவர், நேரு பிரதமர், காமராசர் முதலமைச்சர். இந்தியா 'சோசலிச மாதிரி'யான சமுதாயத்தை நோக்கி நடக்கும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பள்ளிப் பாடத்தில் ஆவடி என்ற பெயர் வருவதே இந்தத் தீர்மானத்தால்தான்.

அதே 1955இல் பாடப்புத்தகத்தில் வராத இன்னொன்றும் ஆவடியில் நடந்தது. டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற குழாய் ஆலை, இங்கிலாந்தின் ஓல்ட்பரி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கப்பட்டது. பக்கத்து அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் உருவாகியிருந்தது. சைக்கிளின் உடம்பே குழாய்தான். சைக்கிளுக்குக் குழாய் வேண்டும், குழாய்க்கு ஆலை வேண்டும் என்ற கணக்கில் இரண்டும் 1959இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. எஃகுத் தகட்டை உருட்டி, விளிம்புகளை மின்சாரத்தால் பற்றவைத்துக் குழாயாக்கும் ஈ.ஆர்.டபிள்யூ. தொழில்நுட்பம் இந்த வட்டாரத்தில் வேர் பிடித்தது அப்படித்தான். பிறகு 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்தது. குழாயை வாங்கி வெட்ட, வளைக்க, விற்க நூற்றுக்கணக்கான பட்டறைகளும் கிடங்குகளும் வந்தன.

ஆவடியில் இன்னொரு பெரிய வாசலும் திறந்தது. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது.

வாசலுக்கு வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் பழைய செங்கல்பட்டு ஜில்லா. 1891இல் அந்த ஜில்லாவின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதார் குறுக்கே நிற்கிறார். வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று அதில் எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். அந்த நிலங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்பதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ஆலையின் சங்கு ஊதியபோது சேரியிலிருந்து புறப்பட்டவர்கள் நிலமில்லாதவர்கள். விற்பதற்கு அவர்களிடம் இருந்தது உடம்பு ஒன்றுதான். ஆனால் எல்லா வாசலும் ஒரே மாதிரி திறக்கவில்லை.

டாங்கி ஆலை அரசு ஆலை. அங்கே இடஒதுக்கீட்டுப் பதிவேடு இருந்தது. பட்டியல் சாதியினருக்கான மத்திய அரசு ஒதுக்கீடு 1970இல் 12.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. நம் தெருக்களில் முதல் தலைமுறை பி.எஃப். கணக்கு, முதல் தலைமுறைக் குவார்ட்டர்ஸ், முதல் தலைமுறைக் கல்லூரி என்று எதைத் தேடினாலும் அந்த வாசலில் போய் முடியும் குடும்பங்கள் பல உண்டு. தனியார் ஆலைக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, இன்றுவரை இல்லை. பரிந்துரைக்க உள்ளே சொந்தக்காரர் இருந்தால் மில்லுக்குள் வேலை. அப்படி யாரும் இல்லாதவருக்கு மேஸ்திரி வழியாக வேலை. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ராயல் கமிஷன் 1931 அறிக்கையிலேயே இந்த இடைத்தரகர்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டது. மேஸ்திரி பிற்காலத்தில் காண்ட்ராக்டர் ஆனார். பெயர்தான் மாறியது.

மேஸ்திரி வழியாக வந்தவர்கள் நின்ற இடம் பெரும்பாலும் ஆலையின் கடைசி முனை. குழாய் உருவாகி, வெட்டப்பட்டு, சோதிக்கப்பட்டு வெளியே வந்த பிறகு நடக்கும் வேலை: எண்ணுவது, அடுக்குவது, கட்டுவது, ஏற்றுவது.

தோளும் பட்டையும்

கணக்கோடு சொன்னால்தான் இந்த வேலை புரியும். ஒரு அங்குல (25.4 மி.மீ.) விட்டம், 1.6 மி.மீ. தடிமன், 6 மீட்டர் நீளம் உள்ள ஒரு குழாயின் எடை சுமார் 5.6 கிலோ. கேட்பதற்கு லேசுதான். அதில் 61 குழாய்களை அடுக்கினால் ஒரு கட்டு. கீழ் வரிசையில் 5, அதற்கு மேல் 6, 7, 8, நடுவில் 9, பிறகு 8, 7, 6, 5 என்று குறையும். இப்படி அடுக்கினால்தான் ஆறு பக்கம் வரும். ஆறு பக்கம் வந்தால்தான் கட்டு உருளாது, கட்டின் மேல் கட்டு உட்காரும். எடை சுமார் 340 கிலோ. 127 குழாய்க் கட்டு என்றால் 700 கிலோவைத் தாண்டும்.

கிரேன் இல்லாத கிடங்கில் 20 டன் லாரி ஒன்றை நிரப்ப வேண்டும் என்று வையுங்கள். இந்த அளவில் சுமார் 3,500 குழாய்கள். ஆறு பேர் கொண்ட கேங் என்றால் ஆளுக்கு மூன்று டன்னுக்கு மேல். அது ஒரு லாரிக்கு மட்டும்.

திருநின்றவூர்ப் பக்கம் ஒரு பெரியவரோடு பேசினேன். பல தனியார் கிடங்குகளில் இருபது வருஷத்துக்கு மேல் லோடுமேனாக இருந்தவர். "ரெண்டு பேரு, முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தன். நடை ஒண்ணா இருக்கணும். ஒருத்தன் கால் தப்புனா பைப்பு ஆடும். ஆடுனா அடுத்தவன் தோள் போச்சு" என்றார். குழாயில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அதனால் கை வழுக்கும். வெட்டிய முனையின் பிசிறு கையைக் கிழிக்கும். பட்டையை டென்ஷனரில் முறுக்கி, கிளிப் போட்டு நசுக்கும்போது பட்டை அறுந்தால் சாட்டை மாதிரி முகத்துக்கு வரும். கட்டு சரிந்தால் கால். "எத்தனை வருஷம் சர்வீஸ் அய்யா?" என்று கேட்டேன். "காட்டறதுக்கு எங்கிட்ட ஒரு பேப்பர் இல்ல தம்பி. தோளத்தான் காட்டணும்" என்றார்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்றது. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதிகபட்சச் சுமை குறித்து உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. அதோடு வந்த பரிந்துரை, வயதுவந்த ஆணுக்கு 55 கிலோவை உச்ச வரம்பாகச் சொன்னது. ஆனால் சட்டம் ஒரு தடவை தூக்கும் எடையைப் பார்க்கிறது. ஒரு நாளில் ஒரு தோள் மொத்தம் எத்தனை டன் சுமந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இயந்திரம் எப்படிக் கட்டுகிறது?

இன்றைய தானியங்கி வரிசையில் நடப்பது இது. வெட்டுவாயிலிருந்து வரும் குழாய் உருளைகளின் மேல் ஓடி வருகிறது. சோதனையில் தேறாததை இயந்திரக் கை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. தேறியதை உணரிகள் எண்ணுகின்றன. ஒரு வரிசைக்கு வேண்டிய எண்ணிக்கை சேர்ந்ததும் காந்தமோ தாங்கு கைகளோ அந்த வரிசையை மொத்தமாகத் தூக்கி அச்சுக் கூட்டில் இறக்குகின்றன. 5, 6, 7 என்ற அதே பழைய கணக்குதான். மேஸ்திரியின் வாயில் இருந்த கணக்கு இப்போது நிரலில் இருக்கிறது. கட்டு முடிந்ததும் பட்டை போடும் தலைகள் சுற்றி இறுக்குகின்றன. பிறகு எடை மேடை, பட்டைக்குறியீட்டுச் சீட்டு, கிரேன். மோட்டார் வாகன உதிரிப்பாகங்களுக்காகச் சின்னச் சின்னதாக வெட்டிய குழாய்களை மரத்தட்டிலோ இரும்புச் சட்டத்திலோ அடுக்கி மூடுகிறார்கள். பேலட் போடுவது என்று ஆலையில் சொல்வது இதைத்தான். அங்கேயும் ரோபோக் கை வந்துவிட்டது.

இது ஏன் வந்தது? பெரியவரின் தோளுக்கு இரங்கி வரவில்லை. குழாய்க்காக வந்தது. ஷாக் அப்சார்பருக்குப் போகும் குழாயில் ஒரு கீறல் விழுந்தாலும் வாங்குபவர் திருப்பி அனுப்புவார். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் பணம் பிடிப்பார். ஏற்றுமதி என்றால் நெருக்கடி இன்னும் அதிகம். 1956 ஏப்ரலில் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் ஒரு பழைய கப்பலில் பெட்டிகளை ஏற்றி அனுப்பியதிலிருந்து உலகக் கப்பல் வணிகம் கன்டெய்னருக்கு மாறத் தொடங்கியது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. 20 அடி கன்டெய்னரின் உள் நீளம் சுமார் 5.9 மீட்டர். 6 மீட்டர் குழாய் அதில் நுழையாது. அதற்காகவே 5.8 மீட்டரில் வெட்டுகிறார்கள். குழாயின் நீளத்தையே பெட்டி தீர்மானிக்கிறது என்றால், அதைக் கட்டும் மனிதருக்கு அங்கே எவ்வளவு குரல் இருக்கும்?

பதிவேட்டில் பெயர் இருந்தவர், இல்லாதவர்

இயந்திரம் வந்தபோது சட்டம் என்ன சொன்னது? 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் 9அ பிரிவின்படி, ஆள்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மேம்பாட்டைக் கொண்டுவரும் முதலாளி 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டியிருந்தது. 25எஃப் பிரிவின்படி, ஓராண்டு தொடர் பணி முடித்தவரை ஆள்குறைப்புச் செய்தால், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாக இருந்தது. நல்ல சட்டம். ஆனால் இதைப் பிடித்துக்கொள்ள 'நான் உங்கள் தொழிலாளி' என்று நிரூபிக்க வேண்டும். காண்ட்ராக்டரின் ஆளாக வந்தவர் ஆலைப் பதிவேட்டில் இல்லை. அவரை யாரும் வேலையை விட்டு நீக்குவதில்லை. நாளையிலிருந்து ஆள் வேண்டாம் என்று காண்ட்ராக்டருக்கு ஒரு போன் வரும். அவ்வளவுதான்.

இதற்கு மருந்தாகத்தான் 1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையா, வழக்கமாக நிரந்தரத் தொழிலாளர் செய்யும் வேலையா என்றெல்லாம் பார்த்து அரசு ஒப்பந்த முறையைத் தடை செய்யலாம் என்று அது சொன்னது. தடை செய்தால் அந்தத் தொழிலாளர்கள் நிரந்தரமாவார்களா? ஆவார்கள் என்று 1996 டிசம்பரில் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்தே ஆண்டில் அது மாறியது.

மாற்றிய வழக்கு நம் தலைப்போடு நேராகத் தொடர்புள்ளது. கல்கத்தாவில் செயில் நிறுவனத்தின் நான்கு எஃகுக் கிடங்குகளில் ஒப்பந்த முறையை மேற்கு வங்க அரசு 1989இல் தடை செய்தது. எஃகை இறக்கி, அடுக்கி, ஏற்றும் தொழிலாளர்களின் வழக்கு அது. 2001 ஆகஸ்ட் 30 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, தடை செய்தாலும் தானாக நிரந்தரமாக்கும் கட்டாயம் சட்டத்தில் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் வெறும் போலி என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் வழி உண்டு. தடை செய்த வேலைக்கு நிரந்தர ஆள் எடுத்தால் பழைய ஒப்பந்தத் தொழிலாளருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்.

பிறகு 2020இல் சட்டத் தொகுப்புகள் வந்தன. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஒப்பந்தச் சட்டம் பொருந்த 20 பேர் போதும் என்றிருந்தது 50 பேர் ஆனது. 'மையச் செயல்பாடு'களில் ஒப்பந்த முறை கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எவையெல்லாம் மையச் செயல்பாடு ஆகாது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலின் முதல் வரி துப்புரவு. நான்காவது வரி ஏற்றுதல், இறக்குதல்.

இந்த இரண்டு வேலைகளும் ஒரே பட்டியலில் இருப்பது தற்செயலா? துப்புரவை யார் செய்கிறார்கள், சுமையை யார் தூக்குகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். சட்டத்தில் சாதி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பட்டியல் மட்டும் பழைய பட்டியல் மாதிரியே இருக்கிறது.

வேறு வழி இருந்ததா?

இருந்தது. 1969இல் மகாராஷ்டிரம் மாத்தாடிச் சட்டம் கொண்டுவந்தது. சுமைத் தொழிலாளர்களைப் பதிவு செய்து, வேலையைப் பகிர்ந்து கொடுத்து, முதலாளியிடமிருந்து கூலியையும் அதன் மேல் ஒரு தீர்வையையும் வாங்கித் தொழிலாளிக்குச் சேர்க்கும் வாரியங்கள் அமைந்தன. எஃகுச் சுமைக்கென்றே பம்பாய் இரும்பு எஃகுத் தொழிலாளர் வாரியம் உண்டு. ஒருவர் எத்தனை முதலாளியிடம் வேலை செய்தாலும் அவர் பெயர் ஒரே பதிவேட்டில் இருக்கும். பி.எஃப்., போனஸ், விடுப்பு எல்லாம் அந்தப் பெயரைத் தொடர்ந்து வரும். தமிழ்நாட்டிலும் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல வாரியம் வந்தது. கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் கிடைக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உதவி பெறுபவராக ஒருவரைப் பதிவு செய்வதும், தொழிலாளியாகப் பதிவு செய்வதும் ஒன்றாகிவிடாது.

பம்பாயிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. 1928இல் அங்கே பஞ்சாலை வேலைநிறுத்தம் நடந்தபோது, கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சேர்ப்பதில்லை என்பதை அம்பேத்கர் கேள்வியாக்கினார். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், அதனால் 'தீட்டு'. நவீன ஆலை, நீராவி இயந்திரம், தொழிற்சங்கம் எல்லாம் இருந்தும் எந்தப் பிரிவில் யார் நிற்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. ஆலைக்குள் சாதி இல்லை என்று யாராவது சொன்னால், ஆலையின் எந்த முனையில் நின்று சொல்கிறார் என்று பாருங்கள்.

இயந்திரத்தை எதிர்க்க வேண்டுமா?

வேண்டாம். இதில் அம்பேத்கரின் நிலை தெளிவானது. 1945இல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன' நூலில் காந்தியின் இயந்திர எதிர்ப்பை அவர் கடுமையாக மறுத்தார். விலங்கைப் போல உழைத்துச் சாவதிலிருந்து மனிதனுக்கு ஓய்வும் பண்பாட்டு வாழ்வும் கிடைக்க இயந்திரம் வேண்டும் என்றும், கேடு இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்றும் வாதிட்டார். வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவர்தான். சுமை குறைய வேண்டும் என்பது நம் கோரிக்கை. 340 கிலோ கட்டை இயந்திரம் தூக்கட்டும். அந்தத் தோள்கள் போதுமான அளவு தூக்கிவிட்டன.

ஆனால் இயந்திரம் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பாருங்கள். குழாயின் மேல் கீறல் விழாமல் இருக்க உணரியும் காந்தமும் ரோபோவும் வந்துவிட்டன. அதே குழாய் பூமிக்குள் போய்ச் சாக்கடைக் குழாய் ஆகிவிட்டால்? மனித மலத்தை மனிதர் அள்ளுவதை 1993லும் 2013லும் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. இழப்பீட்டுத் தொகை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. சாக்கடைக்குள் இறங்கும் ரோபோவைக் கேரள இளைஞர்கள் 2018லேயே செய்து காட்டிவிட்டார்கள். தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. கீறல் விழுந்த குழாய்க்கு முதலாளிக்கு நஷ்டம். உள்ளே இறங்கிச் செத்த மனிதனால் யாருக்கு நஷ்டம் என்ற கணக்கில்தான் வேறுபாடு.

செய்ய வேண்டியவை

ஒன்று: எழுதி வையுங்கள். உங்கள் தெருவில் லோடுமேனாக, பேக்கிங் ஆளாக இருந்தவர்களிடம் எந்த ஆண்டு, எந்த வேலை, எவ்வளவு கூலி, என்ன காயம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டியதில்லை. பதிவேட்டில் ஏறாத உழைப்புக்கு அதுதான் பதிவேடு. கேட் பாஸ், இ.எஸ்.ஐ. அட்டை, கூலிச் சீட்டு எது இருந்தாலும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். போலி ஒப்பந்தம் என்று நிரூபிக்க அவையே சாட்சி.

இரண்டு: இயந்திரத்தின் பக்கத்தில் நம் பிள்ளைகள் நிற்க வேண்டும். பட்டை போடும் இயந்திரத்துக்கும் ஆள் வேண்டும்: அதை ஓட்ட, நிரல் எழுத, பழுது பார்க்க. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, தானியங்கித் தொழில்நுட்பப் பயிற்சி மையங்கள் 2023 முதல் வந்திருக்கின்றன. பத்தாவது முடித்துவிட்டு லோடுக்குப் போகும் தம்பியைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போங்கள். தங்கைகளையும் கூட்டிப் போங்கள். தோள் பலம் தேவையில்லை என்றான பிறகு பெண்களை அந்த வேலையிலிருந்து விலக்கி வைக்க என்ன காரணம் மிச்சமிருக்கிறது?

மூன்று: தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கையை உயர்பதவிகளோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டுப்பாட்டு அறையின் ஆபரேட்டர் இருக்கைக்கும் கேளுங்கள். லோடுமேனாக இருபது வருஷம் நின்றவரின் வீட்டுக்கு அந்த இருக்கையில் முதல் உரிமை உண்டு.

பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "மெஷின் வந்ததுல உங்களுக்கு வருத்தமா அய்யா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "மெஷின் மேல என்ன வருத்தம் தம்பி? அது முன்னாடியே வந்திருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்கும். வந்தப்ப எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.